பெருவீதியும் பெருந்தன்மையும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அளந்தறிய விரும்புவோர் அதன் கோயில்களையும் கல்விக்கூடங்களையும் நூல்நிலையங்களையும் நோக்குவர். வீதியை எவரும் நோக்குவதில்லை. ஆயின் கோயிலிலும் பள்ளியிலும் நம்மை அறிந்தவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் பார்வைக்கு அஞ்சியேனும் நாம் அடக்கமாக நடந்துகொள்கின்றோம். பெருவீதியிலோ முன்பின் அறியாதவரைக் கணப்பொழுது எதிர்ப்பட்டு மறுகணம் பிரிந்துவிடுகின்றோம். பெயர் தெரியாத ஒருவருக்கு, அவர் நன்றி கூறுவார் என்ற எதிர்பார்ப்புமின்றி, நாம் காட்டும் மரியாதை எதுவோ அதுவே நமது உண்மையான பண்பாடு. அந்த அளவுகோல் கொண்டு அளப்பின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளிற் சென்றோரே மிகப் பெரிய தொகுதியினர். நாட்டிற் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய வண்டிகள் மறுபடியும் வீதிக்கு வரத் தொடங்கின. பரீட்சை முடித்த மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தல் இன்று பல குடும்பங்களில் ஒரு சடங்கு போலாகிவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் மாமனோ சித்தப்பாவோ அனுப்பும் பணமும், தவணை முறையிற் கடன் கொடுக்கும் லீசிங் கம்பனிகளும் அச்சடங்கை எளிதாக்கியுள்ளன. வண்டி வாங்கிக் கொடுப்பதில் நாம் காட்டும் ஊக்கத்தை, அதனைப் பிறரோடு கூடிச் செலுத்தும் முறையைக் கற்பிப்பதிற் காட்டுகின்றோமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சைக்கிள் வளர்த்த வழக்கம்

குடாநாட்டு மக்களின் வீதிப் பழக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அவர்தம் அண்மைக்கால வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் சில மோட்டார் சைக்கிள்களையும் நீக்கிப் பார்த்தால், அக்காலத்து யாழ்ப்பாணம் சைக்கிளில் இயங்கிய யாழ்ப்பாணமே. மாணவன் பள்ளிக்குச் சென்றதும், விவசாயி வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு சென்றதும், நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதும் சைக்கிளிலேயாம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது கண்டி வீதியில் அவர்களுக்குத் துணைநின்றவை பெரும்பாலும் கால்களும் சைக்கிள்களுமே. அக்கண்டி வீதியும் நெடுங்காலம் மூடுண்டு கிடந்து, 2002 ஏப்பிரலிலே திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்றில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னரே பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்தது.

ஆகவே, ஒரு தலைமுறை முழுவதும் வீதி ஒழுக்கத்தைச் சைக்கிளிலிருந்தே கற்றது. இருவர் சோடியாகக் கதைத்துக்கொண்டு செல்வர். எதிரே நண்பர் வந்தால் வீதியிலேயே காலூன்றி நின்று நலம் விசாரிப்பர். பின்னால் வாகனம் வந்தாற் காதுக்குத் தெரியுமாதலால், திரும்பிப் பாராமலே ஒழுங்கைக்குள் வளைப்பர். குழந்தையை முன்பாரில் இருத்திச் செல்வர். இவை குற்றங்களல்ல. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் இயங்கிய ஓர் உலகத்தின் இயல்பான வழக்கங்கள் இவை. தவறி முட்டினால் முழங்காலில் ஒரு சிராய்ப்பு, கைப்பிடியில் ஒரு வளைவு, ஈற்றில் இரு பக்கமும் ஒரு சிரிப்பு, அவ்வளவே.

போருக்குப் பின் வீதிகள் அகலித்தன. 'காப்பெற்' இடப்பட்டு வழுவழுப்பாயின. சைக்கிள் நின்ற முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஆயின் சைக்கிளோடு வளர்ந்த வழக்கங்கள் சைக்கிளோடு போய்விடவில்லை. இன்றும் இருவர் சோடியாகக் கதைத்துக்கொண்டு செல்கின்றனர், மோட்டார் சைக்கிளில். இன்றும் திரும்பிப் பாராமல் ஒழுங்கைக்குள் வளைக்கின்றனர், மோட்டார் சைக்கிளில். இன்றும் குழந்தையை முன்னே இருத்துகின்றனர், எண்ணெய்த் தாங்கியின்மீது. வேகம் மாறிற்று, வழக்கம் மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஏற்பட்ட பிளவிலேதான் நம் இளைஞர்கள் விழுந்துகொண்டிருக்கின்றனர்.

வேகத்தின் கணக்கு

இப்பிளவு எத்துணை ஆழமானது என்பதை எளிய கணக்கொன்று காட்டும். 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறக்குறைய 4 மீற்றர் நகர்கின்றது. 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிளோ அதே செக்கனில் 19 மீற்றருக்கு மேற் பாய்ந்துவிடுகின்றது. ஆபத்தைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிறேக்கை அழுத்துவதற்கு ஒரு செக்கனாவது செல்லும். அதன்பின் வண்டி நிற்பதற்குரிய தூரம் வேறு. உலர்ந்த நல்ல வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் நிற்பதற்கு மொத்தம் ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனுக்கு 46 மீற்றர் வேண்டும். வேகத்தை ஐந்தில் இரு பங்கு கூட்டியதும் மோதலின் வலு ஏறத்தாழ இரட்டிக்கின்றது. மாரி மழையில் இக்கணக்கு இன்னும் கொடியதாகும்.

ஆதலால் முன்னே செல்லும் வாகனத்துக்கும் தனக்கும் இடையில் இடைவெளி விடுதல் கோழைத்தனமன்று; அஃது அறிவுடைமை. முன்வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று நிதானமாக எண்ணத் தொடங்குக. எண்ணி முடிக்குமுன் நீர் அக்கம்பத்தை அடைந்துவிட்டால் மிக நெருங்கிச் செல்கின்றீர் என்பது பொருள். மழை நாளில் நான்கு வரை எண்ணுக.

முந்திச் செல்லும் கணக்கையும் பார்த்தல் நன்று. 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பஸ் ஒன்றை 70 கிலோமீற்றர் வேகத்தில் முந்துவதற்கு, முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியோடு சேர்த்து, ஏறத்தாழ 12 செக்கன் செல்லும். அதற்குள் முந்துபவன் 230 மீற்றர் சென்றுவிடுகின்றான். எதிரே அதே வேகத்தில் ஒரு டிப்பர் வருமாயின் அதுவும் அத்தனை தூரம் வந்துவிடும். ஆகவே, எதிரே ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தூரம் தெளிவாக இருந்தாலன்றி அவ்வாறு முந்துதல் தகாது. கொடிகாமத்துக்கும் பளைக்கும் இடையே நேராகக் கிடக்கும் வீதியைக் கண்டு கைமுறுக்கும் இளைஞன் இக்கணக்கை ஒருமுறை மனத்திற் போட்டுப் பார்ப்பானாக.

பிறேக் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகின்றது. முன்பிறேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கியெறியும் என்று அஞ்சிப் பலர் பின்பிறேக்கை மாத்திரம் மிதிக்கின்றனர். வண்டி வேகம் தணியும்போது பாரம் முன்சில்லை நோக்கி நகர்கின்றது. ஆதலால் நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பங்கு முன்சில்லிலேயே உளது. வண்டி நிமிர்ந்து நிற்க, இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக இறுக்குதலே முறை. வீதியோர மணலிலும் வளைவிலும் முன்பிறேக்கைத் திடீரெனப் பிடித்தல் ஆபத்தானது.

காணப்படாதவன்

மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்குப் பிறரால் நேரும் முதலாவது அபாயம், அவர்கள் அவனைக் காணாமையே. அமெரிக்காவிலே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மற்றை வாகனத்தின் சாரதியே வழிவிடத் தவறியிருந்தார். அவர்களிற் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை, அல்லது காலந்தாழ்த்தியே கண்டனர்.

இது மோட்டார் சைக்கிளோட்டிக்கு நியாயம் வழங்கும் முடிவு போலத் தோன்றும். உண்மையில் அஃது அவனுக்கு ஒரு கடமையை விதிக்கின்றது. 'என்னை அவன் காணவில்லை' என்று கொண்டே அவன் வண்டியைச் செலுத்த வேண்டும். பகலிலும் முன்விளக்கை எரியவிடுதல், இருளில் வெளிர்நிற ஆடை அணிதல், பஸ்ஸின் பக்கக் கண்ணாடியிற் சாரதியின் முகம் தனக்குத் தெரியாவிட்டால் தன் முகமும் சாரதிக்குத் தெரியாது என உணர்தல் ஆகியவை இதன்பாற்படும். இடப்பக்கமாக வாகனம் செல்லும் நம் நாட்டில், பஸ் நிற்பதும் ஆட்கள் இறங்குவதும் இடப்பக்கத்திலேயே. அந்த இடுக்கிற் புகுந்து முந்துபவன் தன்னுயிரோடு இறங்கிவரும் மூதாட்டியின் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

நமது நிலத்தின் இயல்பும் இவ்விடத்துக் கருதத்தக்கது. குடாநாட்டின் பெருவீதிகள் எத்தனையோ ஒழுங்கைகளின் வாய்களை இருமருங்கும் கொண்டவை. முன்பு கிடுகு வேலியிருந்த இடங்களில் இன்று ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில்கள் எழுந்துள்ளன. வேலியின் இடைவெளியால் ஒரு நிழலசைவேனும் தெரியும். மதிலின் பின்னால் வருபவனை வீதிக்கு வந்தபின்னரே காணமுடியும். ஒழுங்கையிலிருந்து வருபவன் வாயிலில் நின்று பார்த்து ஏறுவதும், பெருவீதியில் வருபவன் ஒழுங்கை வாயை அணுகும்போது வேகம் தணிப்பதும் ஒருவருக்கொருவர் செய்யும் கடன். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியிலும் ஆனையிறவு வெளியிலும் பக்கக்காற்று இலேசான வண்டியை ஒரு முழம் தள்ளிவிடும்; பெரிய வாகனமொன்று கடந்துபோனதும் அத்தள்ளல் திடீரென மாறும். இரவில் கட்டாக்காலி மாடுகள் தார்வீதியின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். மாட்டை அவிழ்த்து விட்ட உரிமையாளனும் வீதியைப் பயன்படுத்துவோன் ஒருவனே. அவனுக்கும் இவ்வொழுக்கத்திற் பங்குண்டு.

ஒரு மரணமும் ஒரு மருத்துவரும்

முதலாம் உலகப் போரில் அரபு நாடுகளிற் புகழ்பெற்ற லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளிற் பெருவிருப்புடையவர். 1935 மே 13 ஆம் நாள் இங்கிலாந்தின் டோசெற் பகுதியில் அவர் விரைந்து சென்றபோது, சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்களை மோதாமல் விலகப் பார்த்து, தூக்கியெறியப்பட்டார். தலையிற் படுகாயம், ஆறு நாட்களின் பின் 46 ஆவது வயதில் இறந்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவர் கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அம்மரணம் அவர் மனத்தை விட்டகலவில்லை. இராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளிற் கொண்டு செல்லும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941 ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிளோட்டிகட்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமாக மேலும் 32 ஆண்டுகள் சென்றன.

தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கின்றது என உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டியுள்ளது. நம் நாட்டிலோ தலைக்கவசம் பலருக்குப் பொலிசாரின் கண்ணுக்குரிய பொருளாகவே உளது. சந்திவரை அது முழங்கையிலோ கண்ணாடியிலோ தொங்கும், சந்தியில் தலைக்கேறும், நாடிப்பட்டியோ பூட்டப்படுவதேயில்லை. பூட்டாத கவசம் தலை நிலத்தை அடையுமுன்னரே கழன்றுவிடும் என்பதை அறியாதாரில்லை. தந்தை கவசம் அணிந்திருக்க, முன்னே இருக்கும் குழந்தை வெறுந்தலையோடு செல்லும் காட்சி எவ்வகை அன்பிலும் அடங்காது.

லோறன்ஸின் கதையிற் கருதத்தக்க வேறொன்றும் உண்டு. விரைவுடையவன் தனக்கு மாத்திரம் அபாயத்தைத் தேடிக்கொள்வதில்லை. அவன் வழியிற் சைக்கிளிற் செல்லும் இரு சிறுவர்கள் எப்போதும் உளர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்ற பங்கீடு வந்தபோது, சைக்கிளின் அருமையை யாவரும் மறுபடி உணர்ந்தோம். பெற்றோல் கிடைத்ததும் அச்சைக்கிளோட்டியை வீதியோர மணலுக்குத் தள்ளுதல் நன்றியறிதலாகாது.

ஒரு சைகை, இரு பொருள்

வீதியிற் செல்வோர் வாய்திறந்து பேசமுடியாது. விளக்கும் ஒலியும் கைச்சைகையுமே அவர்தம் மொழி. மொழியில் ஒரு சொல் இருவருக்கு இரு பொருள் தருமாயின் வழக்கு நேரும். வீதியில் ஒரு சைகை இரு பொருள் தருமாயின் உயிர் போகும். எதிரே வருபவன் முன்விளக்கை மின்னினால் 'நீ வா' என்று சிலர் கொள்கின்றனர். 'நான் வருகின்றேன், நீ நில்' என்றே மின்னியவன் கருதியிருப்பான். முன்னே செல்லும் லொறி வலப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டால் 'முந்தாதே' என்பதா, 'நான் வலப்பக்கம் திரும்புகின்றேன்' என்பதா? இடப்பக்க விளக்கு 'முந்திச் செல்' என்பதா, 'நிற்கப் போகின்றேன்' என்பதா? திரும்பியபின் அணைக்க மறந்த விளக்கு இக்குழப்பத்துக்கு மகுடம் சூட்டுகின்றது. ஆகவே, பிறர் சைகையை உத்தரவாதமாகக் கொள்ளற்க. தன் கண் கண்ட பின்னரே செல்க. தன் சைகையையோ ஒரே பொருளில், உரிய நேரத்துக்கு முன்னரே காட்டி, பணி முடிந்ததும் அணைத்து விடுக. இரவில் எதிர்ப்படுவோனுக்கு ஒளியைத் தாழ்த்துதல் இம்மொழியின் முதலெழுத்து. 2025 சனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிசார் மேலதிக விளக்குகளையும் பேரொலி எழுப்பும் கருவிகளையும் அகற்ற முற்பட்டபோது பலர் முறையிட்டனர். கண் கூசச் செய்யும் விளக்கு மொழியன்று, வசை என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

பெரியோர் கடன்

இதுவரை கூறியவற்றால் மோட்டார் சைக்கிளோட்டும் இளைஞரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம் என எவரும் கருதற்க. பத்துத் தொன் மணலோடு வரும் டிப்பருக்கும் இருநூறு கிலோவுக்குட்பட்ட பாரத்தோடு செல்லும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் நேரும் பிழையின் விலையை ஒருவன் மாத்திரமே கொடுக்கின்றான். வலியோனுக்குப் பொறுப்பு மிகுதி என்பது எல்லா அறங்கட்கும் பொது. பயணிகளுக்காக ஒன்றோடொன்று ஓட்டப்பந்தயம் நடத்தும் பஸ்களும், சமிக்ஞையின்றி ஓரங்கட்டும் முச்சக்கர வண்டிகளும், பின்விளக்கின்றி இரவில் ஊரும் உழவு இயந்திரங்களும், பின்னே பாராது கதவைத் திறக்கும் கார்க்காரரும் இவ்வறத்தினின்றும் விலகியவர்களே. வீதியைச் சமைக்கும் அதிகாரிகளுக்கும் பங்குண்டு. அகலமும் வழுவழுப்பும் தந்தால் வேகம் தானே வரும். அவ்வேகத்துக்கேற்ற வெளிச்சமும் கடவையும் கோடும் தாமே வரமாட்டா.

சட்டமும் வழக்கமும்

'பொலிசார் கடுமையாக நடவடிக்கை எடுத்தால் எல்லாம் சரியாகும்' என்பது பலரின் தீர்ப்பு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது, சட்டத்துக்குக் குறைவில்லை. ஆயின் சட்டம் சந்தியில் நிற்கும். வழக்கமோ வழி முழுவதும் உடன்வரும். சந்தியிற் பொலிசார் நின்றால், எதிரே வருவோர் முன்விளக்கை மின்னி அறிமுகமற்றவர்களுக்கும் எச்சரிக்கை தரும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனைச் சிந்தித்துப் பார்த்தால் நகைப்பும் நம்பிக்கையும் ஒருங்கே தோன்றும். தண்டப்பணத்தினின்றும் பிறனைக் காக்க வேண்டும் என்ற பரிவு நமக்கு இருக்கின்றது! முன்னே மாடு படுத்திருக்கின்றது, பிள்ளைகள் வீதியைக் கடக்கின்றனர் என்று காட்டுவதற்கும் அதே விளக்கு உதவுமன்றோ? தோழமை உணர்ச்சி நம்மிடம் இல்லாமலில்லை. அது தவறான திசையில் மின்னுகின்றது.

வழக்கத்தை மாற்ற இயலாது என்பாரும் உளர். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுகின்றது. எத்துணை விரைவுடையோரும் தொலைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கால்நடையாகச் செல்கின்றனர். தடை போட்டிருப்பதனால் மாத்திரமன்று. அவ்விடத்திற் பிறர் நடக்கின்றனர், தாமும் நடத்தலே முறை என்று யாவரும் ஒப்புக்கொண்டமையாலேயே அவ்வொழுங்கு நிலவுகின்றது. ஒரு சமுதாயம் மனம் வைத்தால் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, இப்பணி வீட்டிலும் ஊரிலும் தொடங்குவதாக. மகனுக்கு வண்டி வாங்கும் தந்தை அதே நாளில் நல்ல தலைக்கவசங்கள் இரண்டை வாங்குக: ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் பின்னால் இருப்பவருக்கு. ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் ஆண்டு விழாவில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கி, பஸ் சாரதியொருவரையும் டிப்பர் சாரதியொருவரையும் அழைத்து, அவர்தம் இருக்கையிலிருந்து பார்த்தால் மோட்டார் சைக்கிள் எங்கெங்கே மறைகின்றது என்பதை இளைஞர்க்கு நேரிற் காட்டச் செய்க. அவ்வவ்வூரார் தத்தம் ஒழுங்கை வாயில் மதிலின் மூலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்வைக்கு வழிவிடுக. இவற்றுக்குப் பெரும்பொருளோ அரசாங்க உத்தரவோ வேண்டியதில்லை.

போரிலே பிள்ளைகளை இழந்த மண் இது. அவ்விழப்புகளைத் தடுக்கும் வல்லமை பல வேளைகளிற் பெற்றோரின் கையில் இருக்கவில்லை. வீதியில் நேரும் இழப்போ அத்தகையதன்று. அதனைத் தடுக்கும் பிறேக் நம் ஒவ்வொருவரின் கைக்கும் காலுக்கும் எட்டிய இடத்திலேயே இருக்கின்றது. எதிரே வரும் பெயரறியாத ஒருவரையும் ஒரு வீட்டிற் படலையைப் பார்த்துக் காத்திருப்பவர் உளர் என்ற எண்ணம் ஓட்டுவோர் மனத்தில் நிலைக்குமாயின், நமது பெருவீதிகள் பெருந்தன்மையுடையோரின் வீதிகளாகும்.